கிழங்கு தேறினால்தான் விதை: மூலனூர்ப் பக்கத்துச் செங்காந்தள் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பூர் மாவட்டத்து மூலனூருக்கும் கன்னிவாடிக்கும் நடுவே இருக்கிற செம்மண் பூமியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் போனால், கம்பியிலும் முள்கிளுவைக் குச்சியிலும் கொடி ஏறி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிற வயல்களைப் பார்க்கலாம். ஊரில் இதன் பெயர் கண்வலிக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இதுதான். தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் இதைப் பணப்பயிராகவே வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்காக இதை இங்கே யாரும் நடுவதில்லை. விதைக்காக நடுகிறார்கள். விதையிலும் கிழங்கிலும் இருக்கிற கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கீல்வாதத்துக்கு மருந்து.

இந்த ஆய்வு ஒரே ஒரு தோட்டத்தைப் பற்றியது. தோட்டத்துக்காரர் எனக்கு உறவில் மாமா. ஊர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கிணற்றுப் பாசனம், மேட்டுப்பாங்கான செம்மண், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சரிவு. முருங்கையும் மக்காச்சோளமும் பார்த்துக்கொண்டிருந்தவர், அக்கம்பக்கத்தில் கண்வலி விதை நல்ல விலைக்குப் போன வருஷம் அரை ஏக்கரில் இதை நட்டார். இரண்டாம் பருவத்தில் பாதி வயல் வெறுமையாக நின்றது. பிறகு மெல்ல மெல்ல மீட்டார். ஏன் போனது, எதனால் மீண்டது என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். புதிதாக இந்தப் பயிருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான்.

செடியின் கணக்கு

முதலில் செடியைப் புரிந்துகொள்ள வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு இரண்டு கை. ஏரின் கொழுப்போல ஒரு முனையில் சேர்ந்து, இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல் உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி ஒடிந்தாலோ நசுங்கினாலோ அழுகினாலோ, மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அந்தக் கை முளைக்காது.

மழைக்காலத்தில் முளைக்கண் விழித்து ஒரு தண்டு மேலே வரும். இலைநுனியே சுருள்கம்பியாக வளைந்து பிடித்துக்கொண்டு ஏறும். மேலே கொடி ஏறும்போதே கீழே பழைய கிழங்கு கரைந்து, அந்த இடத்தில் புதிதாக ஒரு கிழங்கு இரண்டு கைகளோடு உருவாகும். ஆக ஒரு முளை நன்றாக வாழ்ந்தால் அடுத்த ஆண்டுக்கு இரண்டு முளை. காய் பழுத்து, தை, மாசியில் கொடி காய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். கோடை முழுக்க அந்த உறக்கம்தான். தண்ணீர் விட்டாலும் எழுந்திருக்காது. விட்டால் அழுகத்தான் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதுக் கிழங்கு பருக்க வேண்டிய சத்து முழுவதும் அந்த ஒரு பருவத்து இலையிலிருந்துதான் இறங்க வேண்டும். இலை பாதியில் கருகினால் கிழங்கு சுண்டிப்போகும். சுண்டிய கிழங்கு அடுத்த ஆண்டு முளைக்கலாம், ஆனால் பூ வராது, வந்தாலும் இரண்டோ மூன்றோதான். ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள கிழங்காகப் பார்த்து நடச் சொல்வது இதனால்தான். இந்தப் பருவத்து விதையைப் போன பருவத்து இலையே முடிவு செய்துவிடுகிறது. நிலக்கடலை, மக்காச்சோளம் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே அறுவடை முடிந்தால் கணக்கு முடிந்தது.

விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் விதை முளைக்கவே பல வாரம், சில சமயம் பல மாதம் எடுக்கும். முளைத்த நாற்று பூக்கும் அளவுக்குக் கிழங்கு கட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அயல் மகரந்தத்தில் வந்த விதை என்பதால் தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. திசு வளர்ப்பு முறையும் இருக்கிறது, அது ஆய்வகக் காரியம். தோட்டத்துக்காரருக்குக் கைக்கெட்டியது கிழங்குதான், அதுதான் முதலீடும்கூட. இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளி என்று வைத்தால் ஏக்கருக்குப் பதினாலாயிரம் கிழங்குக்குக் குறையாது. ஐம்பது கிராம் வீதம் பார்த்தாலே எழுநூறு கிலோ. கிழங்கு கிலோ பல நூறு ரூபாய் விற்கும்போது, நடவுக்கு முன்பே எவ்வளவு பணம் மண்ணுக்குள் போகிறது என்று பாருங்கள். அதோடு கல்கால், கம்பி, சொட்டுநீர்க் குழாய்.

முதல் இரண்டு பருவம்

மாமா கிழங்கு வாங்கியது ஓர் இடைத்தரகரிடம். சித்திரை கடைசியில் சாக்கில் கட்டி, வேனில் ஏற்றி, கொட்டிவிட்டுப் போனார்கள். சாக்கிலிருந்து கிழங்கைக் கொட்டுவதைப் பார்த்தாலே இந்தப் பயிர் தெரிந்தவர்களுக்கு மனசு பதறும். ஒவ்வொரு முட்டலிலும் ஒரு நுனி போகும். அப்புறம் நடவுக்கு நேரம் இருக்கிறதென்று சாக்கோடு தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்துவிட்டார். உள்ளே புழுக்கம்.

ஆடியில் நட்டார். நடுவதற்கு முன் செம்மறி ஆட்டுப் பட்டி போட்டு உரம் ஏற்றியிருந்தார், அது நல்ல காரியம். பார் (மண்ணை அணைத்த மேட்டு வரிசை) பிடித்து, அரை அடி ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடினார். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்யவில்லை. விற்றவரே எல்லாம் செய்து கொடுத்தார் என்று நம்பியிருந்தார்.

முளைத்தவரை பரவாயில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் ஆடியில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, சுற்றிலும் நிற்கிற காற்றாலைகளே சாட்சி. பிடிப்பு கிடைப்பதற்கு முன் இளம் தண்டு காற்றில் ஆடி ஒடிந்தால் அந்த முளைக்கு அந்த வருஷம் முடிந்தது. பக்கத்தில் இன்னொரு தண்டு கிளம்பி ஈடுகட்டும் பயிரல்ல இது. அவர் கம்பி கட்டியது தண்டு முழங்கால் உயரம் வந்த பிறகு. அதற்குள் கொஞ்சம் போய்விட்டது. ஆனாலும் மிச்சம் இருந்ததில் பூ வந்தது, காய் வந்தது. விலையும் இருந்தது. குடும்பமே சந்தோஷமாக இருந்த பருவம் அது.

தையில் காயைப் பறித்த கையோடு கொடியை இழுத்துப் போட்டு வயலைச் சுத்தம் செய்தார்கள். அப்போது இலையில் பாதி இன்னும் பச்சையாக இருந்தது. நடந்த தவறுகளில் பெரியது இதுதான் என்பது என் முடிவு. காய்க்குப் பிறகும் கிழங்குக்குச் சத்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கொடி தானாக மஞ்சளாகி, உலர்ந்து, தொட்டால் கழன்று வரும்வரை விட வேண்டும்.

அடுத்த ஆடியில் முளைப்பு பாதிதான். முளைத்ததும் மெலிந்த தண்டு. ஐப்பசி அடைமழையில் சரிவான பக்கத்தில் தண்ணீர் நின்றது. கீழிலை மஞ்சளானது, கொடி துவண்டது. இழுத்தால் அடியோடு கையில் வந்தது. தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கூழாகிக் கிடந்தது. அதன் மேல் வெள்ளை நூலும், கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும். ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சாணத்தின் அடையாளம் அந்த உருண்டைகள். மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஈரமும் சூடும் சேர்ந்தால் கிளம்பும். நிலக்கடலையில் வரும் அடித்தண்டு அழுகலும் இதே பூஞ்சாணத்தால்தான். அந்த வயலில் முன்பு நிலக்கடலை போட்டிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

மேலே தப்பித்த கொடிகளை ஒரு புழு தின்றது. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளிபுள்ளியாக இருக்கும் அந்துப்பூச்சியின் புழு. இந்தக் கிழங்கின் நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. கூட்டமாக இருந்து இலையை நரம்போடு தின்னும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற புழு என்பதால் ஆரம்பத்திலேயே கையால் பொறுக்கினால் போதும். அவர் வயல் போய்விட்டதென்று மனசு விட்டுப்போய் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்.

"மாப்ள, மருந்தடிச்சா சரியாப்போயிருமுன்னு ஆளுக்காளு சொன்னாங்க. எந்த மருந்துன்னு கேட்டா ஆளுக்கொண்ணு" என்றார். அடித்தும் பார்த்தார். அழுகிய கிழங்கு மருந்தில் மீளாது.

மீட்டெடுத்த விதம்

அந்த மாசியில் அவர் எடுத்த முடிவு சரியானது. வெளியிலிருந்து மறுபடி கிழங்கு வாங்கவில்லை. கொடி முழுதாகக் காய்ந்த பிறகு, மேட்டுப் பக்கத்தில் தேறின கிழங்கை மட்டும் தோண்டி எடுத்தார். தோண்டுவதற்கு மண்வெட்டி இல்லை, கொத்தும் கையும்தான். செடிக்கு ஓரடி தள்ளிக் கொத்தி, மண்ணைக் கையால் விலக்கி எடுக்க வேண்டும். ஆள்கூலி கூடும். ஒரு நுனி ஒடிந்தால் ஒரு செடி போச்சு என்று நினைத்தால் கூலி பெரிதாகத் தெரியாது.

எடுத்ததைத் தரம் பிரித்தார்கள். பெரியது, நடுத்தரம், சிறியது. இரண்டு கை சேரும் கணுவில் மெல்ல ஒடித்தால் ஒவ்வொரு கையும் தனிக் கிழங்கு. இங்கே ஒரு கேள்வி வரும்: பிரித்து நடுவதா, சேர்த்தே நடுவதா? பிரித்தால் செடி எண்ணிக்கை கூடும், ஆனால் ஒடித்த காயம் அழுகலுக்கு வாசல். பெரிய கிழங்கைப் பிரித்து, வெட்டு வாயை நிழலில் நன்றாக ஆறவைத்து நடலாம், சிறியதைப் பிரிக்கவே கூடாது என்பது என் கருத்து. அவரும் அப்படித்தான் செய்தார். காய்ந்த மணலில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான திண்ணையறையில் ஆனி வரை வைத்தார். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை அப்புறப்படுத்தினார்.

சரிவுப் பக்கத்தைக் கைவிட்டார். அங்கே இப்போது சோளத்தட்டு. மேட்டில் பாரை முன்பைவிட உயர்த்தி, வடிகால் வெட்டி, தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்துப் பெருக்கி இட்டார். கிழங்கைப் பூஞ்சாணக்கொல்லிக் கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி நட்டார். முளை மண்ணைக் கீறுவதற்கு முன்பே கம்பியும் குச்சியும் தயார். இந்தச் சீமையின் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலிகளில் முள்கிளுவைக்குப் பஞ்சமில்லை. வெட்டி ஊன்றினால் அதுவே தழைத்துக் காற்றையும் தடுக்கும், கொடிக்கும் பிடிப்பாகும். கல்கால் மட்டும் நம்பாமல் மேற்கு ஓரத்தில் கிளுவையை அடர்த்தியாக ஊன்றியதால் ஆடிக்காற்றின் அடி பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன்.

இவை எல்லாம் பலரும் செய்வதுதான். அவர் தோட்டத்தில் வித்தியாசமானது கிழங்குப் பாத்தி. நடுத்தரமும் சிறியதுமான கிழங்கைத் தனியாக நாலு பாரில் நட்டு, அதில் விதை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். பூ மொட்டு வந்தால் கிள்ளிவிடுவார். செடியின் சத்து காய்க்குப் போகாமல் கிழங்குக்கே இறங்கட்டும் என்ற எண்ணம். ஊரில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பூத்த செடியில் விதை எடுக்காமல் விடுவதா! ஆனால் ஒரு பருவம் காய்க்காமல் விட்ட கிழங்கையும், நிறையக் காய் பிடித்த செடியின் கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. விதை வயலில் வருஷாவருஷம் விழும் இடைவெளிகளை நிரப்பக் கிழங்கு இப்போது அந்த நாலு பாரிலிருந்துதான் வருகிறது.

இலையையும் கிழங்கின் சொத்தாகவே பார்க்க ஆரம்பித்தார். மழைவிட்ட இடைவெளிகளில் இலைக்கருகலுக்கு மருந்து, காலையில் ஒரு நடை நடந்து புழுப் பொறுக்கல். காய் பறித்த பிறகு கொடியைத் தொடுவதே இல்லை.

பூவுக்குக் கை வேண்டும்

செங்காந்தளின் சூல்தண்டு சூலகத்திலிருந்து ஏறத்தாழ செங்கோணத்தில் பக்கவாட்டில் வளைந்து நீண்டிருக்கும். ஆறு மகரந்தத்தாளும் சுற்றிலும் விரிந்திருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாதபடி செடியே செய்துகொண்ட ஏற்பாடு. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் இந்த வேலையைச் செய்யும். வயலில் ஒரே நேரத்தில் இவ்வளவு பூ பூக்கும்போது அவை போதாது. அதனால் ஆள் வைத்து, ஒரு செடியின் மகரந்தப்பையை எடுத்து இன்னொரு செடியின் பூவில், மூன்றாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் தடவுகிறார்கள். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும்.

வேலை செய்வது முழுக்கப் பெண்கள். அவர்களில் மூத்த ஒரு அம்மாவிடம் எந்தப் பூவை முதலில் தொடுவீர்கள் என்று கேட்டேன். "மஞ்சளும் பச்சையுமா இருக்கறப்பவே தொட்டரோணுமுங்க தம்பி. முச்சூடும் செவந்து போனா அது கெழடுங்க, ஒட்டாது" என்றார். பூ திறக்கும்போது பச்சை, பிறகு மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. படம் எடுக்க வருகிறவர்கள் விரும்பும் முழுச் சிவப்புப் பூவுக்கு விதைக் கணக்கில் மதிப்பில்லை. திறந்த முதல் இரண்டு மூன்று நாள்தான் சூல்முடி மகரந்தத்தை ஏற்கும்.

மழை பெய்கிற காலையில் மகரந்தம் நனைந்து கட்டிப்போகும், அன்றைய பூ அன்றோடு சரி. வடகிழக்குப் பருவமழையும் பூப் பருவமும் ஒரே மாதங்களில் வருவது இந்தப் பயிரின் நிரந்தரச் சங்கடம். கொஞ்சம் முன்னதாக நட்டவர்களுக்கு ஆடிக்காற்று, பின்தள்ளி நட்டவர்களுக்கு அடைமழை. மாமா இப்போது இரண்டு தவணையாக நடுகிறார். எல்லாப் பூவும் ஒரே மழையில் மாட்டாது, தொடுவதற்கு ஆளும் ஒரே நாளில் நிறையத் தேவைப்படாது. இந்தப் பெண்களின் கை நிதானத்தில்தான் மகசூலே நிற்கிறது. கூலி பேசும்போது அதை மறந்துவிடுகிற தோட்டத்துக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தையில் காய் பச்சை வெளுத்து, தோல் சுருங்கும்போது வெடிப்பதற்கு முன்னால் பறித்து, நிழலில் உலர்த்தி, ஆரஞ்சுச் சிவப்பு விதையைக் கையால் பிரிக்கிறார்கள். தோல் தனியாக விலை போகும். விதையைச் சேமித்து வைக்க முடியும் என்பது ஓர் ஆறுதல். விலை இறங்கின வருஷம் உலர்ந்த விதையைக் கட்டி வைத்துக் காத்திருக்கலாம், கடன் நெருக்காமல் இருந்தால்.

விலை என்ற நிச்சயமில்லாத விஷயம்

குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இது இல்லை. விதை உள்ளூர் வியாபாரிகள் கைமாறி மருந்து மூலப்பொருள் எடுக்கும் ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. ஒரு வருஷம் கிலோ மூவாயிரத்தைத் தாண்டும், இன்னொரு வருஷம் அதில் பாதிகூட வராது. உலகத்தில் இதன் தேவை குறைந்துவிடவில்லை. 1820-லேயே பிரித்தெடுக்கப்பட்ட கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு இன்றும் எழுதிக்கொடுக்கப்படுகிறது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய் அபாயத்தைக் குறைக்கவும் குறைந்த அளவில் இதை அனுமதித்தது. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்ச்சிகோசைடும் இதன் வழிவந்ததுதான். இவ்வளவு தேவை இருந்தும் மூலனூர்க்காரர் விலையைத் தெரிந்துகொள்வது வியாபாரியின் வாயிலிருந்துதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்திக்கு நடப்பதுபோல் இதற்கும் வெளிப்படையான ஏலம் நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நஞ்சு

இதைச் சொல்லாமல் இந்தப் பயிரைப் பற்றி எழுதக் கூடாது. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் அதிகம். மருந்தாக இருக்கிற அதே கோல்ச்சிசின்தான் உயிரணுக்கள் பிரிவதைத் தடுத்து ஆளைக் கொல்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும், பிறகு கொஞ்சம் தெளிந்ததுபோல் தோன்றி, அடுத்தடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜையும் உறுப்புகளும் செயலிழக்கும். வாந்தி நின்றுவிட்டதென்று வீட்டுக்குக் கூட்டி வரவே கூடாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கென்று நினைத்துத் தின்றவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்துதான் சேர்க்கிறார்கள். வீட்டில் யாரும் கைவைத்தியம் பார்க்க இதைத் தொட வேண்டாம்.

மாமா வீட்டில் கிழங்கு இருக்கிற திண்ணையறைக்குப் பூட்டு உண்டு, சாவி அத்தையிடம். விதை பிரிக்கிறவர்களுக்குக் கையுறை, வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் டீ. ஆடு மாடு வயலுக்குள் நுழையாமல் வேலி. தோண்டும்போது ஒடிந்து வீணான துண்டுகளைக் குப்பைமேட்டில் போடாமல் ஆழமாகக் குழிவெட்டிப் புதைக்கிறார்கள்.

இப்போது விதை வயல் பழையபடி அரை ஏக்கருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கிழங்கு கேட்டு வருகிறார்கள். காட்டில் தோண்டித் தோண்டியே இந்தச் செடி அருகிப்போன பிறகு, வயலில் பெருக்கின கிழங்கைக் கைமாற்றுவது நல்லதுதான். ஆனால் மாமா சாக்கில் போட்டுத் தருவதில்லை. வாங்குகிறவர் ஆனியில் தானே வந்து, கூடையில் மணல் பரப்பி, நுனி பார்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே நடப்போகிறார், தண்ணீர் நிற்குமா, முன்பு நிலக்கடலை போட்ட காடா என்று கேட்டுவிட்டுத்தான் எடை போடுகிறார். போன ஆனியில் வந்த ஒருவரிடம், "உங்க காடு பள்ளமுங்க, மொதல்ல வடிகால் வெட்டிட்டு அடுத்த வருசம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் இப்போது வடிகால் வெட்டிக்கொண்டிருக்கிறார்.